அறுந்த நரம்பின் மறுமுனை

காற்று துளியும் இல்லாத பிற்பகல். ஏரியின் நாணல் ஓரத்தில் ஒரு தக்கை மட்டும் அசைந்துகொண்டிருக்கிறது. கரையில் தூண்டிலோடு யாரும் இல்லை. தக்கை நான்கு விரற்கடை நகர்கிறது, நிற்கிறது, பாதி அமிழ்கிறது, மறுபடி மேலே வருகிறது. முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் விஷயம் புரிந்து வயிற்றைப் பிசையும். நேற்றோ முந்தாநாளோ யாருடைய நரம்போ அறுந்திருக்கிறது. தூண்டில்காரர் 'போச்சே' என்று கையை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மீனுக்கு இன்னும் முடியவில்லை. வாயில் முள், முள்ளில் நரம்பு, நரம்பில் தக்கை, தக்கை நாணலில். முளையில் கட்டிய மாட்டைப் போல அது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மாட்டுக்காவது வேளைக்கு யாராவது வைக்கோல் போடுவார்கள்.

இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கும் பழைய ஆட்கள் பலர் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள். நீர்ப்பரப்பில் மிதக்கும் இரையை வைத்துக் கெண்டையைப் பிடிக்கும் வித்தை அந்த நாட்டில் எப்படி வளர்ந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இந்தக் கொடுமையை அவிழ்க்க அவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. 'பாதுகாப்பான ரிக்' என்று அவர்கள் ஒரு தூண்டில் கட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு, அறுத்துக்கொண்டு ஓடுகிற மீனுக்கு.

கெண்டை என்றதும் விரல் நீளத்துக்கு வாய்க்காலில் துள்ளும் நம் சின்னக் கெண்டையை நினைக்க வேண்டாம். இது சைப்ரினஸ் கார்பியோ. நம் மீன் பண்ணைக்காரர்கள் சாதாக் கெண்டை என்பார்கள். உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில் பளபளக்கும் வகைக்குக் கண்ணாடிக் கெண்டை என்று பெயர். நமக்கும் இதற்கும் உறவு உண்டு. 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். இங்கிலாந்துக்கும் இது வந்தேறி மீன்தான். வின்கின் டி வோர்டு 1496இல் அச்சிட்ட தூண்டில் கலை நூல், இது அருமையான மீன், ஆனால் இந்த நாட்டில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று எழுதியது. 1653இல் ஐசக் வால்டன் இதை நதிகளின் ராணி என்றார். ராணியைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அடுத்த முந்நூறு ஆண்டுகளும் பெரிய கெண்டை என்பது நரம்பை அறுத்துக்கொண்டு போகும் மீன் என்றே பேர் எடுத்திருந்தது. 1930இல் மேப்பர்லி நீர்த்தேக்கத்தில் ஆல்பர்ட் பக்லி பிடித்த 26 பவுண்டு மீன்தான், அதாவது ஏறக்குறைய 12 கிலோ, இருபது ஆண்டுகளுக்குமேல் சாதனையாக நின்றது.

இந்த மீனின் வாயைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. உதடு தடித்த ரப்பர் குழாயைப் போல முன்னால் நீளும், உள்ளே இழுத்துக்கொள்ளும். கெண்டை இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. உறிஞ்சிய நொடியிலேயே வாய்க்குள் உருட்டிப் பார்த்து, பிடிக்காததை ஊதித் துப்பிவிடும். நீர்ப்பரப்பில் மிதக்கும் ரொட்டித் துண்டை எடுக்கும்போது உதடு வட்டமாக வெளியே வரும், கொஞ்சம் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், 'களுக்' என்று சத்தம் கேட்கும். நிலா வெளிச்சத்தில், யாரும் பேசாத ஏரிக்கரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள்தான் இந்தக் கதையின் நாயகர்கள்.

ஹியர்ஃபோர்ட்ஷயரில் ரெட்மயர் என்று ஒரு குளம். மூன்று ஏக்கர்தான். பாசி மண்டிப்போனதால் 1934இல் சர்ரே ட்ரவுட் பண்ணையின் டொனால்டு லெனி ஐம்பது கெண்டைக் குஞ்சுகளை அதில் விட்டார். மறந்தும் போனார்கள். 1951 இலையுதிர் காலத்தில் பாப் ரிச்சர்ட்ஸ் என்பவர் அங்கே 31 பவுண்டு 4 அவுன்ஸ் கெண்டையைப் பிடித்தபோது நாட்டின் சாதனையே உடைந்தது. அந்தச் செய்தி கேட்டுக் குளத்துக்கு வந்தவர்களில் ரிச்சர்ட் வாக்கர் ஒருவர்.

வாக்கர் பொறியாளர். கெண்டை தப்பிப்பதற்கு அதன் தந்திரம் காரணமில்லை, நம் சாமான் மட்டம் என்பது அவர் கட்சி. மூங்கில் பட்டைகளை ஒட்டி மார்க் 4 என்ற கோலைத் தானே வடிவமைத்தார். நரம்பு அசைந்தால் ஒலியெழுப்பும் மின் கருவி செய்தார். ஆர்லசி பாம் என்ற, ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) வைத்த ஈயக்குண்டும் அவருடையதுதான். 'பி.பி.' என்ற பெயரில் எழுதிய டெனிஸ் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு, மாரிஸ் இங்கம் முதலியவர்களோடு சேர்ந்து கெண்டைப் பிடிப்போருக்கென்று ஒரு சிறு சங்கமும் நடத்தினார். 1952 செப்டம்பர் 13, விடிவதற்கு முன் ரெட்மயரில் வாக்கர் பிடித்த மீன் 44 பவுண்டு, அதாவது 20 கிலோ. அதைக் கொல்ல அவருக்கு மனமில்லை. லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குத் தொலைபேசினார்கள். அவர்கள் வண்டி எடுத்து வந்து உயிரோடு கொண்டுபோனார்கள். கிளாரிசா என்று பெயரிடப்பட்ட அந்த மீன் 1971 வரை கண்ணாடித் தொட்டியில் ஊர்ச்சனம் பார்க்க நீந்திக்கொண்டிருந்தது. எனக்கு இந்தக் கதையின் விதை அங்கேதான் தெரிகிறது. கிறிஸ்தவ மடங்களின் குளத்தில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வளர்த்த மீன், முதன்முறையாகப் பெயர் பெற்று, பிடித்தவன் மனசில் உயிராக நின்றது.

மேற்பரப்பு வித்தையின் முதல் வடிவமும் அந்த ஆட்களின் கையில்தான் உருப்பெற்றது. அது மிக எளிமையானது. பெரிய ரொட்டியின் தடித்த மேலோட்டைத் தீப்பெட்டி அளவுக்குப் பிய்த்து முள்ளில் குத்துவார்கள். ஈயம் கிடையாது, தக்கை கிடையாது. இரவில் கரையோரமாகக் கோலை நீட்டி, கோல் நுனியிலிருந்து நரம்பு நேர்செங்குத்தாக இறங்கி ரொட்டியை மட்டும் தொடும்படி வைப்பார்கள். நரம்பு ஓர் அங்குலம்கூடத் தண்ணீரில் படக்கூடாது. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு, நீர்ப்பரப்பில் கிடக்கும் நரம்பு வானத்தின் குறுக்கே இழுத்த கோடு போலத் தெரியும். அதைக் கண்டால் கெண்டை திரும்பிவிடும். கரையில் காலடி வைத்தாலே அதிர்வு எட்டும் என்பதால் பூனை மாதிரி நடந்து, மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். 1953இல் வாக்கர் எழுதிய நூல் இப்படிப்பட்ட முறைகளை நாடெங்கும் பரப்பியது.

இந்த முதல் வடிவம் தன்னளவில் பாதுகாப்பானதும்கூட. நரம்பில் முள்ளைத் தவிர வேறொன்றுமே இல்லை. அறுந்தாலும் மீன் இழுத்துக்கொண்டு திரியப் பாரமில்லை. கோளாறு பிறகு வந்தது. தூரத்தோடு வந்தது.

பகலில் வெயில் ஏறும்போது கெண்டை கரையோரம் வராது. குளத்தின் நடுவே முதுகு தெரிய மிதந்து வெயில் காயும். வெறும் ரொட்டி ஓட்டை அவ்வளவு தூரம் எறிய முடியாது. 1905இல் இல்லிங்வொர்த் காப்புரிமை பெற்ற நிலையான உருளை ரீல் வழி இப்போது நரம்பு தடையின்றிப் பாய்ந்தது. 1938இல் டூபான்ட் அறிவித்த நைலான், போருக்குப் பின் மெல்லிய வலுவான நரம்பாக எல்லார் கைக்கும் வந்தது. எறியத் தேவைப்பட்டது ஒரு பாரம் மட்டும். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குமிழ் வந்தது. அடியில் பாரம் வைத்து நெட்டுக்குத்தாக நிற்கும் தக்கை வந்தது. இதற்குக் கண்ட்ரோலர் என்று பெயர். கண்ட்ரோலருக்கும் முள்ளுக்கும் நடுவே மூன்று நான்கு அடிக்கு மெல்லிய நரம்பு. இரையும் மாறியது. நாய்க்குப் போடும் சம் மிக்ஸர் என்ற பழுப்பு நிறச் சிறு பிஸ்கட் மணிக்கணக்கில் மிதக்கிறது, கெண்டைக்குப் பிடித்திருக்கிறது, விலையும் மலிவு என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் கோடைக்கால ஏரிகளில் அதுவே ராஜா.

இந்த முறையில் நான் மிகவும் மதிப்பது, எறிவதற்கு முன் செய்யும் வேலையை. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கும்படி கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்கட் தானாக மிதந்து மீனிடம் போகும். கைப்பிடி கைப்பிடியாக, ஆனால் விடாமல், கவண்வில்லில் வைத்துத் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கெண்டை வந்து மூக்கால் முட்டிப் பார்க்கும், போய்விடும். மறுபடி வரும். ஒன்றை எடுக்கும், துப்பும். அப்போது எறிந்தால் அன்றைய பொழுது வீண். அரை மணி நேரம் போகட்டும். இரண்டாவது மீன் வந்ததும் முதல் மீனுக்குப் போட்டி பிடித்துக்கொள்ளும். நீயா நானா என்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பிஸ்கட் விழும் சத்தத்துக்கே ஓடிவரும். பந்தியில் இலை போட்ட பிறகு கூச்சம் போவது போலத்தான். அந்த நேரம் வரும்வரை கோலைத் தொடாதவர்தான் தேர்ந்தவர்.

கடினமான பிஸ்கட்டில் முள் ஏறாது, உடையும். அதற்கு ஒரு கைப்பக்குவம் வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் பிஸ்கட்டில் கொதிநீரைச் சுளீரென்று ஊற்றி, உடனே வடித்து, பையில் கட்டிக் கால் மணி நேரம் வைத்துவிடுவார்கள். நீராவியில் வெந்து, வெளியே ஈரம் காய்ந்து, ரப்பர் போல ஆகியிருக்கும். முள் வழுக்கிக்கொண்டு ஏறும், பிஸ்கட் விரியாது. சிலர் ஊறாத பிஸ்கட்டின் முதுகில் அரத்தால் ஒரு பள்ளம் கீறி, முள்ளின் தண்டை அதில் வைத்துச் சூப்பர் குளூ இடுவார்கள். எப்படிக் கட்டினாலும் மெல்லிய நரம்புதான் வேண்டும். மிதக்கும் இரையை ஆற அமரப் பார்த்துத்தான் கெண்டை எடுக்கிறது, தடித்த நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். சிக்கலின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. மீன் சந்தேகப்படாத அளவுக்கு மெலிதான நரம்பு, இருபது கிலோ மீனைத் தாங்காத அளவுக்கும் மெலிதாக இருக்கும்.

அதே காலத்தில் குளத்தின் அடியில் இன்னொரு பிறப்பு நடந்தது. 1970களின் இறுதியில் லெனி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் தொட்டியில் கெண்டை இரையெடுப்பதை உட்கார்ந்து கவனித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குப் பின்னால் ஒரு முடி போன்ற இழையில் தொங்கவிட்டார்கள். மீன் இரையை நம்பிக்கையோடு உறிஞ்சியது. முள் வெறுமையாக இருந்ததால் துப்பும்போது உதட்டில் ஏறியது. முதலில் தலைமுடியையே கட்டிப் பார்த்ததால் ஹேர் ரிக் என்ற பெயர் நிலைத்தது. இதோடு கனமான ஈயத்தையும் சேர்த்தார்கள். முள் குத்தியதும் மீன் மிரண்டு ஓடும், ஈயத்தின் எடை முள்ளை ஆழமாகப் பதிக்கும். இதற்குப் போல்ட் ரிக் என்று பெயர். கெண்டை பிடிக்கும் சரித்திரத்தையே இது மாற்றிவிட்டது. அதுவரை ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்த்தவர்கள் டஜன் கணக்கில் பிடித்தார்கள். ஆட்கள் பெருகினார்கள், நரம்புகள் பெருகின, அறுந்த நரம்புகளும் பெருகின.

யோசித்துப் பாருங்கள். பழைய பட்டு நூல் தண்ணீரில் நாளடைவில் மக்கிப்போகும். நைலான் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈயக்குண்டை நரம்பில் அசையாமல் கட்டியிருந்தால், அறுந்த பிறகு மீன் அதை இழுத்துக்கொண்டு பாசிக்குள் நுழையும், அங்கே சிக்கும். கண்ட்ரோலரின் இரு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தால், முதல் பத்தியில் சொன்ன நாணல் காட்சிதான். வித்தை எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவு நுட்பமான கொலைக்கருவியாகவும் ஆகிவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. கட்டும்போது எல்லாரும் மீன் மாட்டும் கணத்தையே நினைத்தார்கள். அறுந்த பிறகு என்ன என்று நினைத்துக் கட்டியவர் குறைவு.

மீனுக்கு முன்னால் அன்னப்பறவைக்காக நாடு விழித்துக்கொண்டது. தேம்ஸ் நதியில் அன்னங்கள் கழுத்து வளைந்து, தலை தூக்க முடியாமல் செத்துக்கொண்டிருந்தன. இரையை அரைக்க அன்னம் சிறு கற்களை விழுங்கும். கரையில் சிந்திய தூண்டில் ஈய மணிகளையும் கல்லென்று நினைத்து விழுங்கியது. இரைப்பையில் அரைபட்ட ஈயம் ரத்தத்தில் கலந்தது. ஆய்வுகள் உறுதிசெய்தபின், 1987 ஜனவரி 1 முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயக்குண்டுகளை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. தகரமும் டங்ஸ்டனும் கடைக்கு வந்தன. கரையை விட்டு வந்த பின்னும் நம் சாமான் அங்கே ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தூண்டில்காரர்கள் எல்லாருக்கும் சட்டமே எடுத்துச் சொன்ன சமயம் அது.

பாதுகாப்பான ரிக்கை இன்னார்தான் கண்டுபிடித்தார் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. ஏரிக்கரைகளில், கடைகளில், பத்திரிகைப் பக்கங்களில், கோபத்திலும் வருத்தத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிறந்தது. தடைக்குள் வராத கனமான ஈயத்தை நரம்பில் கட்டாமல் ஒரு பிளாஸ்டிக் கவ்வியில் மாட்டி, மேலே ரப்பர் வால் ஒன்றைச் செருகினார்கள். ஈயம் பாசியில் சிக்கி இழுபட்டால் ரப்பர் நழுவும், கவ்வி திறக்கும், ஈயம் விழும், மீன் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் எறியும்போது ஈயம் கழன்றுவிடுமோ என்று பயந்து ரப்பரை அழுத்திச் செருகுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கையில் அதே கவ்வி பழைய அசையாத கட்டுதான். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு ஈயம் குளத்தடியில் சேர்வதைப் பற்றி எனக்குச் சங்கடம் உண்டு. ஆனால் ஈயத்துக்கும் மீனுக்கும் நடுவே ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், மீனைத்தான்.

மேற்பரப்பு ரிக்கின் பாதுகாப்பை மேசைமேலேயே பார்க்கலாம். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் நரம்பை எடுத்துக் கண்ட்ரோலரின் தலையில் உள்ள வளையத்தில் கோத்தேன். அதற்குக் கீழே ஒரு ரப்பர் மணி, பிறகு ஸ்விவல், ஸ்விவலிலிருந்து மூன்றடி மெல்லிய நரம்பு, நுனியில் முள். இப்போது கத்தரியால் கண்ட்ரோலருக்கு மேலே ஒரு சாண் தள்ளி நரம்பை வெட்டினேன். கண்ட்ரோலரை இடது கையில் பிடித்துக்கொண்டு, மீன் இழுப்பதாக நினைத்து முள் பக்கத்தை வலது கையால் இழுத்தேன். வெட்டுண்ட நுனி வளையத்துக்குள் சரசரவென்று ஓடி வெளியே வந்தது. கண்ட்ரோலர் என் கையில் மிச்சம், மீன் விடுதலை. இரண்டாம் முறை, நடுவே தடித்த நரம்பொன்றை முடிச்சிட்டு இணைத்துப் பார்த்தேன். தூரம் எறிய அப்படி இணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிச்சு வளையத்துக்கு வந்ததும் டக்கென்று நின்றது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. எள்ளளவு முடிச்சு. நாணலில் சிக்கிய கண்ட்ரோலரோடு ஒரு மீனைக் கட்டிவைக்க அது போதும்.

இதற்கு மேல் ஒரு விதியும் உண்டு: முள்ளை ஒட்டிய நரம்பு, ரீலில் உள்ள நரம்பைவிட வலுக் குறைந்ததாக இருக்க வேண்டும். ரீலில் 12 பவுண்டு தாங்கும் நரம்பு என்றால் முள்ளருகே 10. அப்போது அறுந்தால் முள்ளுக்குப் பக்கத்தில்தான் அறும். முப்பது மீட்டர் நரம்பை மீன் இழுத்துக்கொண்டு அலையாது. ஆனால் இதைச் சாக்காக வைத்து நூலாம்படை போன்ற நரம்பைக் கட்டுவது அயோக்கியத்தனம். அல்லியும் பாசியும் அடர்ந்த குளத்தில், மீனை ஏமாற்ற எவ்வளவு மெலிவு தேவையோ அந்த மெலிவில் மீனைக் கரைசேர்க்க முடியாது என்றால், அன்றைக்கு எறியவே கூடாது. பிஸ்கட்டைத் தூவி, அது தின்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதுவும் நல்ல பொழுதுதான்.

கடைசிக் காவல் முள்ளிடம் இருக்கிறது. சாதாரண முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கிச் சீவிய எதிர்முள் ஒன்று இருக்கும். ஏறியதை இறங்கவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாத வழுவழுப்பான முள்ளைப் பல ஏரிகளில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நரம்பு தளர்ந்ததும் அது தானாக நழுவ வாய்ப்பு அதிகம். மீன் துள்ளும்போது உள்ளே அசைந்து கிழிக்கும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. அறுத்துக்கொண்டு போன மீனின் பக்கம் நின்று யோசித்தால் எனக்கு எதிர்முள் இல்லாத முள்ளே சரி. பறவைக்கும் அதுவே நல்லது. மிதக்கும் பிஸ்கட்டுக்கு வாத்தும் கடற்காகமும் வரும். வாத்து வந்தால் தூண்டிலைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போகும் வழக்கம் இந்த முறைக்கு ஆகவே ஆகாது. கோல் கையிலேயே இருக்க வேண்டும், கண் பிஸ்கட்டிலேயே.

மீனை விட்டுவிடுவதற்கு இவ்வளவு பாடா என்று நம்மில் பலருக்குத் தோன்றும். தின்னாத மீனைப் பிடிப்பானேன் என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜெர்மனியில், வெறும் விளையாட்டுக்காகப் பிடித்து விடுவதை விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதமாகவே பார்க்கிறார்கள். 2003இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தவர்களும் ட்ரவுட் மீனின் தலையிலும் உதட்டிலும் வலியூட்டும் தூண்டலை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். எனவே விடுகிறவர்களும் புண்ணியவான்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடுகிற பழக்கம் ஒரு நல்லதைச் செய்திருக்கிறது. மீனுக்கு முகம் கொடுத்திருக்கிறது. கிறிஸ் யேட்ஸ் 1980 ஜூனில் அதே ரெட்மயரில் மூன்று மக்காச்சோள மணிகளைக் கோத்து 51 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைப் பிடித்தார், தண்ணீரிலேயே திரும்ப விட்டார். பென்சன் என்ற பெண் கெண்டை நார்த்தாம்ப்டன்ஷயரின் புளூபெல் ஏரிகளில் இருந்தது. அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு, அறுபது தடவைக்கு மேல் நீந்திப்போன மீன் அது. உச்சத்தில் 29 கிலோ எடை இருந்தது. 2009 கோடையில் இறந்தபோது நாளிதழ்கள் செய்தி போட்டன. கென்ட் மாவட்டம் கானிங்புரூக் ஏரியின் டூ-டோன், அன்றைக்கு நாட்டின் சாதனை மீன், 67 பவுண்டு 14 அவுன்ஸ் வரை வளர்ந்தது. 2010 ஆகஸ்டில் இறந்ததும் ஏரிக்கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

இந்த மீன்களில் ஏதேனும் ஒன்று, ஏதோ ஒரு வருஷம், யாரோ ஒருவரின் எள்ளளவு முடிச்சில் நாணலோடு கட்டுண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பென்சனை அறுபது பேர் பார்த்தார்கள் என்றால், நடுவில் யாரும் அதைக் கட்டிப்போடாமல் இருந்ததால்தான் பார்த்தார்கள். பெரிய மீன்களைக் கிடத்தி வைக்க மெத்தை, ஈரத் தொட்டில், முள் பட்ட இடத்துக்கு மருந்து என்று இன்றைக்கு அந்த ஊர்க் கரைகளில் பார்க்கிற எல்லாமே அந்த எண்ணத்தின் பிள்ளைகள். ஆனால் மெத்தை பயன்படுவது கைக்கு வந்த மீனுக்கு. கைக்கு வராத மீனுக்கு நாம் கட்டும் முடிச்சு ஒன்றுதான்.

நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் குழம்புக்காகவே போடுகிறோம். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அறுத்துக்கொண்டு போன மீன் நம் சட்டிக்கும் வருவதில்லை, குளத்துக்கும் திரும்புவதில்லை. நம்மில் பலர் தக்கையை நரம்பில் இறுக்கி முடிகிறோம். அதற்குப் பதில் சைக்கிள் வால்வ் டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டி, அதைக் கொண்டு தக்கையை நரம்போடு பிடித்து வையுங்கள். மீன் பிடிக்க அந்தப் பிடி போதும், அறுந்தால் நழுவிவிடும். எறிவதற்கு முன் ஒருமுறை தக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு முள் பக்கமாக நரம்பை இழுத்துப் பாருங்கள். நரம்பு ரப்பர் பிடியில் நழுவி வந்தால் எறியுங்கள். வராவிட்டால் அவிழ்த்து வேறு கட்டுங்கள். கரையில் கிடக்கும் அறுந்த நரம்பையும் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.